வயிற்று அச்சில் பிழை வந்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

பிள்ளைத்தாச்சியின் வயிற்றில் ஈரப் பிளாஸ்டர் பண்டேஜை வைத்து, இறுகியதும் கழற்றி, அந்த வடிவை நினைவாக வைத்துக்கொள்வதுதான் வயிற்று அச்சு. மட்டக்களப்புக் கல்லடியில் என் தங்கச்சிக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எடுத்ததுதான் நான் செய்த முதல் அச்சு. மார்கழி மாதம், மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் பார்த்தால், உருண்டு திரண்டிருந்த வயிறு பக்கவாட்டில் விரிந்து, கவிழ்த்து வைத்த சுளகு மாதிரி மேசையில் கிடந்தது. அன்றிரவே அவளுக்கு வலி எடுத்துப் பிள்ளையும் பிறந்துவிட்டது. மறுபடி எடுக்க வயிறு இல்லை.

அதற்குப் பிறகு மச்சாள்மார், அயல் வீட்டார், அவர்கள் சொல்லி வந்தவர்கள் என்று காத்தான்குடி தொடங்கிக் களுவாஞ்சிகுடி வரைக்கும் பல வீடுகளில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தாங்களே வீட்டில் எடுத்துவிட்டு, "இது ஏன் அக்கா இப்படி வந்திருக்கு?" என்று படம் அனுப்புகிறவர்கள்தான் இப்போது அதிகம். வருகிற பிழைகள் திரும்பத் திரும்ப அதே பிழைகள். பெரும்பாலானவை தண்ணீரில் தொடங்கும், அல்லது காயவிடுவதில் தொடங்கும். இந்த அச்சை இரண்டாம் தரம் எடுக்க வழியில்லை. ஆகவே எதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் பிழை கீழே எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இந்த அச்சுக்கு நான் பாவிப்பது, கை கால் முறிந்தால் வைத்தியசாலையில் சுற்றுகிற பிளாஸ்டர் பண்டேஜ். 15 செ.மீ. அகலம், 2.7 மீற்றர் நீளமுள்ள ரோல் பார்மசியில் கிடைக்கும். வயிற்றுக்கு மட்டும் என்றால் 4 ரோல், மார்போடு சேர்த்தென்றால் 6 ரோல் எடுப்பேன். 35 முதல் 37 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. இரட்டைப் பிள்ளை என்றால் இன்னும் முந்த வேண்டும். பிரஷர் இருக்கிறது, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், கிளினிக்கில் கேட்காமல் தொடங்க வேண்டாம். வயிற்றில் தடிப்போ காயமோ இருந்தாலும் அப்படித்தான்.

தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, கண் இருட்டுகிறது என்கிறார்

இதற்கு முன்னால் அச்சு ஒரு பொருட்டே இல்லை. கையில் இருக்கும் துண்டைக் கீழே போடுங்கள்.

மல்லாக்காகப் படுத்திருக்கிறாரா? பிள்ளையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். உடனே இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். நின்றுகொண்டிருக்கிறாரா? உட்கார வைத்து, பிறகு இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா, அறையில் காற்று வருகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வயிற்றில் ஈரப் பண்டேஜ் இருந்தால் உரித்துப் போடுங்கள். பாதி இறுகியிருந்தாலும் கையால் தள்ளினால் கழன்று வந்துவிடும். முழுதாக இறுகிவிட்டால் ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டியதுதான்.

காத்தான்குடியில் ஒரு வீட்டில் நின்றபடியே எடுத்தால் வடிவு சரியாக வரும் என்று நினைத்தோம். இரண்டாவது அடுக்கு போடும்போது அந்தப் பிள்ளைத்தாச்சியின் மேலுதடு வெளுத்ததை நான் பார்க்கவில்லை, அவருடைய உம்மாதான் பார்த்தார். "விடுங்க மகள், அச்சுக் கிடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவர் தோளைப் பிடித்துவிட்டார். எல்லாவற்றையும் உரித்துப் போட்டுச் சரித்துப் படுக்க வைத்தோம். இரண்டு மூன்று நிமிடத்தில் முகத்தில் இரத்தம் ஓடியது. அடுத்த கிழமை கதிரையில் உட்கார வைத்து எடுத்தோம். அன்று தொட்டு நான் யாரையும் நிற்க வைத்து எடுப்பதில்லை. கதிரையின் முன் விளிம்பில் உட்கார்ந்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சற்றுப் பின்னால் சாய்ந்தால் போதும்.

*எப்போது வைத்தியசாலைக்கு:* சரித்துப் படுத்தும் சில நிமிடங்களில் தெளியாவிட்டால். வயிறு விட்டு விட்டு இறுகினால், இரத்தம் பட்டால், நீர்க்குடம் உடைந்தால், கடும் தலையிடியோ கண் மங்கலோ வந்தால், பிள்ளையின் துடிப்புக் குறைந்ததாகத் தோன்றினால், காத்திருக்கவே வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கார்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

சுடுகிறது என்கிறார்

லேசான வெதுவெதுப்பு வழமை. பிளாஸ்டர் இறுகும்போது தானாகவே சூடாகும். பலருக்கு அது சுகமாகத்தான் இருக்கும். "சுடுது" என்ற சொல் வாயில் வந்தால் அது வேறு.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மத்தியானத்தில் கூரை டாங்கியிலிருந்து வரும் தண்ணீர் நம் ஊரில் கொதியாகவே வரும். அதற்குமேல் கேத்தல் தண்ணீரும் கலந்திருப்பீர்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். அடுத்து அடுக்குகளை எண்ணுங்கள். மூன்று போதும், ஓரத்துக்கு நான்கு. பயத்தில் ஏழு எட்டு அடுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தடிப்புக் கூடக் கூடச் சூடு உள்ளே தங்கும். மேலே துவாயோ போர்வையோ போட்டு மூடியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சுட்டால், கழற்றிவிட்டுச் சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். சிவப்பு ஒரு மணித்தியாலத்தில் ஆறாவிட்டால், அல்லது கொப்புளம் போட்டால், வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பிளாஸ்டர் மாவைக் குழைத்து நேரடியாக உடம்பில் பூசவே கூடாது என்பது இதனால்தான். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு ஒரு பாடசாலை மாணவி கையின் அச்செடுக்க வாளியில் இருந்த பிளாஸ்டருக்குள் கைகளை விட்டு, அது இறுகிச் சூடாகி, பெரும்பாலான விரல்களை இழந்தார். அந்த மாவு, அச்சுக் காய்ந்த பிறகு, மேல் பூச்சுக்கு மட்டும்.

வைக்க முன்னமே இறுகிவிடுகிறது

துண்டைத் தண்ணீரில் நனைத்து, வயிற்றில் வைத்துத் தடவ முன் விறைத்துவிடும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு காகிதம் மாதிரி உரியும்.

1. தண்ணீர் சூடு. மேலே சொன்னதுதான். ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

2. பழைய தண்ணீர். ஒரே பேசினில் நான்கு ரோலையும் நனைத்தால், அடியில் தங்கும் வெள்ளை மண்டி அடுத்த துண்டை வேகமாக இறுக்கும். ஒவ்வொரு ரோலுக்கும் தண்ணீரை மாற்றுங்கள். இந்த ஒன்றை மாற்றியே பாதிப் பேரின் பிழை சரியாகியிருக்கிறது.

3. உவர்த் தண்ணீர். இது நம்முடைய ஊருக்கே உரிய பிழை. கல்லடி, நாவலடி, காத்தான்குடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற கிணறுகளில், கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் உப்பு ஏறும். உப்பு பிளாஸ்டரை விரைவாக இறுக்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உவர்த்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், பைப் தண்ணீர் எடுங்கள். அதுவும் இல்லாத இடத்தில் மழைத் தண்ணீர் நல்லது. உவர்த் தண்ணீரில் செய்த அச்சு இன்னொரு தொல்லையும் தரும். அது கடைசியில் வரும்.

4. ஆள் போதாது. ஒருவர் நனைக்க, ஒருவர் வைக்க வேண்டும். துண்டுகளை முன்னமே வெட்டி அடுக்கியிருக்க வேண்டும். 30 செ.மீ. துண்டுகள் வயிற்றுக்கு, கையகலத் துண்டுகள் மார்புக்கும் ஓரத்துக்கும். ஈரக் கையோடு கத்தரிக்கோலைத் தேடினால் அந்த ரோல் போனதுதான்.

இந்த நனைக்கும் வேலையை நான் எப்போதும் மாமிக்கோ பெத்தாவுக்கோதான் கொடுப்பேன். "வயிற்றை அச்செடுத்தால் கண்ணூறு படும்" என்று தூரத்தில் நின்ற பெத்தா ஒருவர், பேசினுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு ஒரு துண்டைக்கூட வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. எடுத்து முடித்ததும் மிளகாயும் உப்பும் சுற்றிக் கண்ணூறு கழித்தார். பிள்ளைத்தாச்சியின் மனம் அமைதியாக இருக்க, அந்த இரண்டும் தேவைதான்.

இறுகவே இல்லை, அல்லது கையில் மாவாக உதிர்கிறது

கடைசித் துண்டு வைத்துப் 15, 20 நிமிடத்தில் விரல் மொழியால் தட்டினால் கெட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால்:

சொட்டச் சொட்ட வைத்தீர்களா? தண்ணீரோடு பிளாஸ்டரும் வழிந்து போய்விடும், சீலை மட்டும்தான் மிஞ்சும். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தரம் இழுத்து வழிக்க வேண்டும். முறுக்கிப் பிழியக்கூடாது.

இறுகத் தொடங்கிய பிறகும் தடவினீர்களா? பளபளப்புப் போய் மங்கினால் கை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தேய்த்தால் உள்ளே உடையும்.

பண்டேஜ் பழசா? நம் ஊர்க் காற்றில் பைக்கற் ஒரு சின்ன ஓட்டை விட்டாலே ஈரம் குடித்துச் செத்துப் போகும். தொடங்க முன் ஒவ்வொரு ரோலிலும் இரண்டு விரல் அளவு வெட்டி நனைத்து மேசையில் வையுங்கள். பத்து நிமிடத்தில் கெட்டியாகாவிட்டால் அந்த ரோலைப் பாவிக்காதீர்கள். பைக்கற்றுக்குள்ளேயே கட்டி கட்டியாக இருந்தால் சோதிக்கவும் வேண்டாம்.

எடுத்த பிறகு கண்ட பிழை என்றால், அச்சை உட்பக்கம் மேலே தெரிய ஒரு தலையணைக் குழிக்குள் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் உட்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒற்றிவிட்டுப் புதுப் பண்டேஜ் இரண்டு அடுக்குப் போடுங்கள். ஒற்றாமல் போட்டால் பழைய பிளாஸ்டர் புதியதின் தண்ணீரை உறிஞ்சிவிடும், இரண்டும் ஒட்டாது.

கழற்ற வரவில்லை, இழுத்தால் நோகிறது

இழுக்காதீர்கள். வயிற்றை உள்ளே எக்கி, வெளியே தள்ளி, தோளைக் குலுக்கி, முன்னால் குனியச் சொல்லுங்கள். ஓரங்களில் விரல் விட்டுக் காற்றுப் புக விட்டால் அதன் பாரத்திலேயே விழும். விழுந்தால் பிடிக்க ஒருவர் முன்னால் இருங்கள்.

ஓரிடத்தில் மட்டும் பிடித்திருந்தால் அது மயிர்தான். தொப்புளுக்குக் கீழ்க் கோட்டிலும் மார்புக் காம்பைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத மென்மயிர் இருக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் பூசினால் தோல் குடித்துவிடும், பிடிக்கும். வாசலின் வெள்ளையாகத் தெரியும் அளவுக்குப் பூச வேண்டும், தொப்புளுக்குள்ளும்தான். உள்ளாடைக்கு மேல் பொலித்தீன் சுற்றிவிடுங்கள். பிடித்த இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற விட்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் மயிரை வெட்டுங்கள். ஷேவ் பண்ணிவிட்டு அன்றைக்கே எடுக்க வேண்டாம், எரியும்.

கழற்றிய பிறகு விரிகிறது, தட்டையாகிறது

என் தங்கச்சியின் அச்சுக்கு நடந்தது. கழற்றும்போது கெட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே குடித்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. அந்தப் பாரத்தை வளைவு தாங்காது.

கண்டவுடன் செய்ய வேண்டியது: பழைய துணிகளைப் பொலித்தீன் பையில் அடைத்து வயிறு மாதிரி உருட்டி அடியில் கொடுங்கள். பக்கங்கள் விரிந்திருந்தால் சீலைத் துண்டால் குறுக்கே கட்டி, எடுக்கும்போது அளந்த அகலத்துக்குக் கொண்டு வாருங்கள். அளக்கவில்லையா? அன்று எடுத்த படத்தைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் என்றால் அப்படியே திரும்பி வரும்.

காய்ந்த பிறகு கண்டால் வேலை கூட. உட்பக்கத்தை ஈரப் பஞ்சால் நன்றாக ஊற வைத்து, மெதுமெதுவாகக் கட்டை இறுக்கி, வெளியே சிறு வெடிப்பு வந்தால் வரட்டும் என்று விட்டு, அந்த நிலையிலேயே உள்ளே புதிதாக இரண்டு அடுக்குப் போட வேண்டும். கட்டை இரண்டு நாள் அவிழ்க்கக் கூடாது. தங்கச்சியின் அச்சை இப்படித்தான் முக்கால்வாசி மீட்டேன். இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் விரிந்துதான் இருக்கிறது.

காயவே மாட்டேன் என்கிறது, கறுப்புப் புள்ளி வருகிறது

கச்சான் காலத்தில் இரண்டு நாளில் காயும் அதே அச்சு, மாரியில் பத்து நாள் எடுக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரித் தெரியும். நம்பாதீர்கள். மூன்று விதமாகப் பாருங்கள். கன்னத்தில் வையுங்கள், குளிர்ந்தால் உள்ளே ஈரம். விரல் மொழியால் தட்டுங்கள், சட்டி தட்டுவது போல் கேட்க வேண்டும்; 'பொத்' என்றால் ஈரம். குசினித் தராசு இருந்தால் தினமும் நிறுங்கள். இரண்டு நாள் நிறை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. இது மூன்றிலும் நம்பகமானது.

காயாததற்குக் காரணம் பெரும்பாலும் வைத்த இடம். சீமெந்துத் தரையில் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்றே போகாது. மீன் காயப்போடுகிற மாதிரிக் கம்பி வலையிலோ, பிரம்புக் கதிரையிலோ வைத்து, ஃபேனை எட்டத்திலிருந்து ஓட விடுங்கள். அடியில் கொடுத்த துணிப் பையை இரண்டாம் நாள் எடுத்துவிட்டு, இடம் இடமாகச் சின்னத் தாங்கல் கொடுங்கள். வெயில் கண்டால் காலை வெயிலில் வையுங்கள். அடுப்பு மேட்டிலோ அவணிலோ மட்டும் வேண்டாம். அதிகம் சூடேறினால் பிளாஸ்டர் தன் பிடிப்பை இழந்து சோக்குக் கட்டி மாதிரி உதிரும்.

கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி என்றால் பூஞ்சணம். பிள்ளைத்தாச்சியும் கைக்குழந்தையும் இருக்கிற அறையை விட்டு முதலில் வெளியே எடுங்கள். வேறொருவர் மாஸ்க் போட்டு, முற்றத்தில் வைத்து, காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து வெயிலில் போட வேண்டும். மேலோட்டமான புள்ளி இதிலேயே போகும். உட்பக்கச் சீலை முழுக்கப் பிடித்து மணம் வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் சரிவராது. தேவாலயச் சுருவங்கள் திருத்துகிறவர்கள், கோயில் வேலை செய்யும் சிற்பாசாரிமார், சீலிங் மோல்டிங் செய்கிறவர்கள் ஆகியோரில் யாரிடமாவது கொண்டு போங்கள். அந்த அச்சிலிருந்தே புது வார்ப்பு எடுக்க அவர்களுக்குத் தெரியும். எடுத்த பிறகு பழையதைக் கைவிடலாம்.

வெடிப்பு, ஓட்டை, கரடுமுரடு

இது பிழையே அல்ல, முடிக்காத வேலை. முழுதாகக் காய்ந்த பிறகு மேற்பரப்பை ஈரமாக ஒற்றி, பிளாஸ்டர் மாவையோ வோல் ஃபில்லரையோ தயிர்ப் பதத்தில் பூசி, காய்ந்ததும் 120, அடுத்து 220 சாண்ட் பேப்பர் போடுங்கள். தூள் மூச்சில் போகக்கூடாது. தாய் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஓரம் மெல்லியதாகப் பிய்ந்தால் கத்தரித்து, ஈரப் பண்டேஜை மடித்து ஓரம் கட்டுங்கள். விரல் போகும் அளவு வெடிப்பு என்றால் உள்ளே ஒரு துண்டு வைத்து ஒட்டிய பிறகுதான் மேலே பூச வேண்டும்.

மிஞ்சிய பிளாஸ்டர்த் தண்ணீரைச் சிங்கில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். வாளியில் தெளிய விட்டு, மண்டியைக் குப்பையில் போடுங்கள். ஊற்றிவிட்டுத் தண்ணீர் நின்றுபோனவர்கள் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

பெயின்ட் கொப்புளிக்கிறது, வெள்ளைப் பொடி பூக்கிறது

கொப்புளம் என்றால் ஈரத்தோடு பூசிவிட்டீர்கள். சுரண்டி எடுத்து, உட்பக்கத்தைத் திறந்து விட்டு, தட்டினால் சட்டிச் சத்தம் வரும்வரை காத்திருந்து மறுபடி பூசுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே நாளில் வார்னிஷ் அடிக்க வேண்டாம்.

வெள்ளைப் பொடி என்றால் உவர்த் தண்ணீரின் உப்பு. ஈரத் துணியால் துடைத்தால் உப்புக் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டுங்கள், நான்கு நாள் விடுங்கள், மறுபடி தட்டுங்கள். பூப்பது நின்ற பிறகே பெயின்ட். கடற்கரைப் பக்க வீட்டுச் சுவரே உப்புப் பூக்கும் என்றால் அச்சை அந்தச் சுவரில் மாட்டாமல் மரப் பலகையில் பொருத்தி வையுங்கள்.

உடைந்துவிட்டது

வாழைச்சேனைக்குப் பஸ்ஸில் கொண்டுபோன ஒரு அச்சு, தொப்புளுக்கு மேலே குறுக்காக இரண்டாகப் போய் என்னிடம் திரும்பி வந்தது. துண்டுகள் எல்லாம் இருந்தால் இது சுலபமான வேலை. உதிர்ந்த சின்னச் சில்லுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். உடைவு வாயைத் தேய்க்காதீர்கள், அப்படியே பொருந்த வேண்டும். வெளிப்பக்கம் மாஸ்க்கிங் டேப்பால் இழுத்து ஒட்டி, குழி மேலே தெரியத் திருப்பி, உட்பக்கத்தை ஒற்றி, கோட்டுக்குக் குறுக்காகக் கையகலப் பண்டேஜ்த் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி இரண்டு அடுக்கு வையுங்கள். மூன்று நாள் கழித்து டேப்பை எடுத்து வெளிக்கோட்டில் ஃபில்லர் பூசுங்கள். துண்டுகள் பத்துக்கு மேல் போனால், அல்லது ஒரு பகுதி காணாமல் போனால், சுருவம் திருத்துகிறவரிடம் அப்படியே பெட்டியோடு கொடுத்துவிடுங்கள். பசை போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனால் அவருக்கு முதல் வேலை அந்தப் பசையைச் சுரண்டுவதாகிவிடும்.

பஸ்ஸில் கொண்டு போவதென்றால் பெட்டிக்குள் அடியில் தலையணை போட்டு வயிற்றை மேலே பார்த்தபடி வைத்து, உள் குழிக்குள் துணி அடைத்து, மடியில் வைத்துக் கொண்டு போங்கள்.